மனச்சோர்வு மாத்திரைகள்: பலன் எவ்வளவு, பாதுகாப்பு எவ்வளவு? சந்தேகங்களும் விளக்கங்களும்

மனச்சோர்வுக்குத் தரப்படும் மாத்திரைகள் உடல் எடை, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை எந்த அளவு மாற்றுகின்றன என்பதை மாத்திரை வாரியாக ஒப்பிட்ட ஆய்வு, 2025 அக்டோபரில் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. எந்த மாத்திரை நல்லது, எதைத் தவிர்க்க வேண்டும் என்பதில் எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் வருமாறு:

புதிய ஆய்வில் என்ன தெரியவந்துள்ளது?

151 பரிசோதனைகளின் முடிவுகளும், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 17 அறிக்கைகளும் தொகுக்கப்பட்டு, மொத்தம் 58,534 பேரின் விவரங்களைக் கொண்டு 30 மாத்திரைகள் ஒப்பிடப்பட்டன. எடையைப் பொறுத்தவரை, அகோமெலடினுக்கும் மாப்ரோடிலினுக்கும் இடையே சராசரியாகச் சுமார் 4 கிலோ வித்தியாசம் காணப்பட்டது. இதயத் துடிப்பில் ஃபுளூவோக்சமைனுக்கும் நார்ட்ரிப்டிலினுக்கும் இடையே நிமிடத்துக்கு 21 துடிப்பு வித்தியாசம் இருந்தது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவில் நார்ட்ரிப்டிலினுக்கும் டாக்சிபினுக்கும் இடையிலான வித்தியாசம் 11 புள்ளிகள்.

அப்படியானால் சாப்பிட்டுவரும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. மேலே உள்ளவை பட்டியலின் இரு முனைகளில் இருக்கும் மாத்திரைகளுக்கு இடையிலான வித்தியாசம். அதிலும் சராசரிக் கணக்கு. மாப்ரோடிலின் போன்ற பழைய வகைகளை இன்று சாப்பிடுவோர் குறைவு. மேலும், பெரும்பாலான பரிசோதனைகள் சுமார் 8 வாரமே நடந்தவை. பல ஆண்டுகள் சாப்பிடுவோருக்கு என்ன ஆகும் என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

இந்த மாத்திரைகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா?

செய்கின்றன, ஆனால் எல்லோருக்கும் அல்ல. மருந்துப் பொருள் எதுவும் இல்லாத மாத்திரை தரப்பட்ட 100 பேரில் 20 முதல் 40 பேர் வரை 6 முதல் 8 வாரங்களில் தேறுகின்றனர். மருந்துள்ள மாத்திரை தரப்பட்டால் இது 40 முதல் 60 பேர் வரை ஆகிறது. நோய் கடுமையாக உள்ளவர்களுக்கே மாத்திரையின் தேவை அதிகம். லேசான மனச்சோர்வுக்கு மாத்திரையை முதல் சிகிச்சையாக வழக்கமாகத் தர வேண்டியதில்லை என்றும், உளவியல் சிகிச்சை போன்றவற்றை முதலில் பரிசீலிக்கலாம் என்றும் பிரிட்டனின் 2022-ம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

மூளையில் செரடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பது தவறு என்கிறார்களே?

அந்தக் கருத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை என 2022-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு தெரிவித்தது. அது நோய்க்கான காரணத்தைப் பற்றிய ஆய்வே தவிர, மாத்திரை பலன் தருகிறதா என்பதைச் சோதித்த ஆய்வு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் 'மாத்திரையே ஏமாற்று' என்ற தகவல் பரவியது.

எந்த மாத்திரைக்குப் பலன் அதிகம்?

522 பரிசோதனைகளில் பங்கேற்ற 1,16,477 பேரின் விவரங்களைக் கொண்டு 2018-ல் வெளியான ஆய்வு, 21 மாத்திரைகளை ஒப்பிட்டது. அந்த 21 மாத்திரைகளுமே மருந்தில்லா மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன. அமிட்ரிப்டிலின் முதலிடத்திலும் ரிபாக்சிடின் கடைசியிலும் இருந்தன. எனினும் பெரும்பாலான மாத்திரைகளுக்கு இடையே பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கவிளைவுகளில்தான் அவை வெகுவாக வேறுபடுகின்றன என்பதால், தேர்வும் பெரும்பாலும் அதை வைத்தே நடக்கிறது.

பலனில் முதலிடம் என்றால், அமிட்ரிப்டிலினை ஏன் எல்லோருக்கும் தருவதில்லை?

வாய் உலர்தல், மலச்சிக்கல், பகலில் தூக்கம், எடை கூடுதல் ஆகியவற்றால் பலர் இதைப் பாதியில் விட்டுவிடுகின்றனர். சிலவகை கண் நீர் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம், அளவு மீறி விழுங்கினால் இதயம் பாதிக்கப்பட்டு உயிர் போகலாம் என்பதே. தற்கொலை எண்ணம் எழக்கூடிய ஒரு நோய்க்கு இதைத் தரும்போது, எத்தனை மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்புவது என்பதையும் மருத்துவர் யோசிக்க வேண்டியுள்ளது.

முதலில் எதைத் தருகின்றனர்?

எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், ஃபுளூவாக்சிடின் போன்றவை பெரும்பாலும் முதல் தேர்வாக உள்ளன. அளவு மீறினாலும் அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகையைவிட ஆபத்து குறைவு என்பதும், சாப்பிடுவோர் இவற்றை ஓரளவு எளிதாகத் தாங்கிக்கொள்வதும் காரணம். முதல் ஓரிரு வாரங்களில் குமட்டல், தலைவலி, படபடப்பு இருக்கலாம். அவை பெரும்பாலும் தணிந்துவிடும். தாம்பத்திய உறவில் நாட்டம் குறைவது அப்படித் தணிவதில்லை. கூச்சத்தால் பலர் இதை மருத்துவரிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர்.

இரண்டு பேருக்கு ஒரே நோய், மாத்திரை மட்டும் வேறு. ஏன்?

ஒருவருக்குக் கெடுதலாகும் பக்கவிளைவு இன்னொருவருக்கு உதவியாக அமையலாம். மிர்டசபின் பசியையும் தூக்கத்தையும் கூட்டும் என்பதால், சாப்பிடாமல், தூங்காமல் மெலிந்துபோனவருக்கு அது பொருந்தும். உடல் பருமன் உள்ளவருக்குப் பொருந்தாது. வென்லாஃபாக்சின் ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடியது. பியூப்ரோபியானால் எடையும் தாம்பத்திய நாட்டமும் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை என்றாலும், வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அதைத் தரக்கூடாது.

மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை எவை?

எப்போதாவது அளவுகடந்த உற்சாகம், தூக்கமின்றி ஓயாத பேச்சு, கட்டுப்பாடற்ற செலவு என இருந்த காலம் உண்டா என்பதை முதலில் தெரிவிக்க வேண்டும். அது இருதுருவ மனநோயாக இருந்தால், மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தருவது அந்த நிலையை மீண்டும் தூண்டிவிடலாம். சாப்பிட்டுவரும் பிற மருந்துகளையும் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின், சிலவகை வலி நிவாரணிகளுடன் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டிரமடால் என்ற வலி மருந்து சேர்ந்தால் செரடோனின் மிகையாகிக் காய்ச்சல், நடுக்கம், வலிப்பு வரை போகலாம். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுப்போருக்குப் பராக்சிடின், ஃபுளூவாக்சிடின் தவிர்க்கப்படுகின்றன.

முதியவர்களுக்குத் தனி விதி உண்டா?

இதயத் துடிப்பின் சீர் கெடலாம் என்பதால், சிடலோபிராம் நாள் ஒன்றுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றும், 60 வயதைக் கடந்தவர்களுக்கு 20 மில்லிகிராமே உச்சவரம்பு என்றும் அமெரிக்க மருந்து நிர்வாகம் வரையறுத்துள்ளது. முதியவர்களுக்கு, குறிப்பாக ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுவோருக்கு, ரத்தத்தில் சோடியம் குறையலாம். திடீர்க் குழப்பம், தள்ளாட்டம் தோன்றினால் வயோதிகம் என்று விட்டுவிடாமல் சோடியம் பரிசோதனை செய்ய வேண்டும்.

இளைஞர்களுக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்பது உண்மையா?

சிறார், வளரிளம் பருவத்தினர் பங்கேற்ற பரிசோதனைகளில், மருந்து எடுத்தோரில் சுமார் 4 சதவீதம் பேருக்கும் எடுக்காதோரில் 2 சதவீதம் பேருக்கும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ பதிவானது. உயிரிழப்பு எதுவும் இல்லை. இதையடுத்து 2004-ல் எச்சரிக்கை வெளியிட்ட அமெரிக்க மருந்து நிர்வாகம், 2007-ல் அதை 24 வயது வரை நீட்டித்தது. மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களிலும், அளவு மாற்றும்போதும் நெருங்கிக் கவனிக்க வேண்டும் என்பதே எச்சரிக்கையின் பொருள். தரவே கூடாது என்பது அல்ல. மனச்சோர்வுக்காக 8 வயது முதல் ஃபுளூவாக்சிடினுக்கும், 12 வயது முதல் எஸ்சிடலோபிராமுக்கும் அங்கு அனுமதி உள்ளது.

கர்ப்பிணிகள் சாப்பிடலாமா?

பராக்சிடின் கருவிலுள்ள குழந்தையின் இதயத்தைப் பாதிக்கலாம் என 2005-ல் எச்சரிக்கப்பட்டது. அதைப் பொதுவாகத் தவிர்க்கின்றனர். அதற்காகக் கர்ப்பம் உறுதியானதும் எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக்கூடாது. சிகிச்சை பெறாத மனச்சோர்வும் தாய்க்கும் சேய்க்கும் தீங்குதான்.

எத்தனை நாளில் பலன் தெரியும்? எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்?

முன்னேற்றம் 2 முதல் 4 வாரங்களில் தொடங்கி, முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம். உரிய அளவில் சாப்பிட்டும் பலன் இல்லையெனில் அளவையோ மாத்திரையையோ மருத்துவர் மாற்றுவார். குணமான பிறகும் குறைந்தது 6 மாதங்கள் தொடர வேண்டும். நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு 2 ஆண்டுகள் வரை தேவைப்படலாம்.

நிறுத்த முடியாமல் அடிமையாகிவிடுவோமா?

மதுவைப் போல அளவைக் கூட்டிக் கூட்டித் தேடும் ஏக்கம் இவற்றால் ஏற்படுவதில்லை. ஆனால் நிறுத்தும்போது தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் குறைவு, மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். மாத்திரையை நிறுத்தியதாலேயே இது ஏற்படுவது 6 அல்லது 7 பேரில் ஒருவருக்கு என 2024-ல் வெளியான தொகுப்பாய்வு கணக்கிட்டது. பராக்சிடின், வென்லாஃபாக்சினில் இது அதிகம். உடலில் நெடுநாள் தங்கும் ஃபுளூவாக்சிடினில் குறைவு. எதுவானாலும் படிப்படியாகவே அளவைக் குறைக்க வேண்டும்.

மருந்துக்கடையில் நேரடியாக வாங்கலாமா? யாரிடம் ஆலோசனை பெறலாம்?

இவை மருத்துவரின் சீட்டு இன்றி விற்கக்கூடாத மருந்துகள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி மையத்தை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 2022 அக்டோபர் 10 முதல் இது செயல்பட்டுவருகிறது. தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் அடுத்த மருத்துவர் சந்திப்புக்காகக் காத்திருக்காமல் உடனே இந்த எண்ணையோ, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவையோ அணுக வேண்டும்.