முறத்தில் புடைத்த நிலா

நிலவில் மாரே செரெனிடாட்டிஸ் என்ற கருஞ்சமவெளியின் மேற்குப் பக்கத்தில் லின்னே என்றொரு சின்னப் பள்ளம் இருக்கிறது. 1866இல் ஏதென்ஸ் வானாய்வகத்தின் யூலியஸ் ஷ்மிட், அந்தப் பள்ளத்தைக் காணவில்லை என்று அறிவித்தார். முந்தைய தலைமுறையில் லோர்மானும் மேட்லரும் அதைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள ஆழமான பள்ளமாகக் குறித்திருந்தார்கள். ஷ்மிட் கண்ணுக்கோ அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரிந்தது. நிலவில் இன்னும் ஏதோ நடக்கிறது என்று வானியலாளர்களிடையே பரபரப்பு கிளம்பி, விவாதம் ஆண்டுக்கணக்கில் ஓடியது. உண்மையில் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. லின்னேயின் அகலமே 2.2 கி.மீ.தான், அதைச் சுற்றி வெளிர்நிறத் தூள் சிதறிக் கிடக்கிறது. வெயில் சாய்ந்து விழுந்தால் பள்ளமாகத் தெரியும், உச்சிக்கு ஏறினால் வெறும் வெண்புள்ளி. பார்த்தவர்கள் கைதேர்ந்தவர்கள், வரைந்ததில் வஞ்சகமும் இல்லை. ஆனாலும் கண் ஏமாந்தது. இன்றைய நிலாப் படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் கம்ப்யூட்டர் வேலை, கண்ணால் பார்ப்பதுதான் நிஜம்" என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பழைய கதை. ஆயிரக்கணக்கான படங்களைச் சலித்துச் சேர்த்து உருவாக்கும் படம்தான், கண்ணையும் ஒற்றைக் கிளிக்கையும்விட நிஜ நிலவுக்கு நெருக்கமானது என்பது என் கட்சி.

காரணம் காற்று. சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு மேலே காட்சி நெளிவதைப் பார்த்திருப்போம். அதே நெளிவு, தலைக்கு மேலுள்ள காற்று முழுவதிலும் இரவெல்லாம் நடக்கிறது. 8 அங்குலத் தொலைநோக்கி ஒன்று, 3,84,400 கி.மீ. தள்ளியிருக்கும் நிலவில் சுமார் 1 கி.மீ. அளவுள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் திறன் உடையது. ஆனால் சாதாரண இரவின் காற்றுக் கலக்கத்தில் 4 கி.மீ.க்குக் குறைந்த எதுவும் குழம்பிவிடும். அதாவது, லின்னேயைக் காட்டக் கருவிக்குச் சக்தி உண்டு, காற்றுதான் விடுவதில்லை. நல்ல வேளையாக, இந்தக் கலக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை. நொடியின் சிறு துணுக்கில் காற்று தற்செயலாகச் சீராகி, காட்சி பளிச்சென்று நின்று, மறுபடி கலங்கும். அந்தத் தற்செயல் எவ்வளவு அபூர்வம் என்று அமெரிக்க இயற்பியலாளர் டேவிட் ஃபிரைட் 1978இல் கணக்கிட்டார். காற்றில் சீராக இருக்கும் ஒரு திட்டைப்போல் 7 மடங்கு அகலமான கருவிக்கு, சுமார் 350 படங்களில் ஒன்றுதான் தெளிவாக அமையும் என்றது அவருடைய கணக்கு. ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு நகர்கிறவருக்கு அந்த ஒன்று வாய்ப்பது குருட்டு அதிர்ஷ்டம்.

இதற்காகவே பிறந்தது வானியல் கேமரா. கைக்குள் அடங்கும் உலோக டப்பா. திரை கிடையாது, அழுத்தும் பொத்தான் கிடையாது, லென்ஸும் கிடையாது. தொலைநோக்கியில் கண்வில்லையைக் கழற்றிவிட்டு அதே துளையில் இதைச் செருகி, ஒரு யுஎஸ்பி கேபிளை மடிக்கணினியில் இணைத்தால் வேலை முடிந்தது. உள்ளே இருப்பது சிமாஸ் சென்சார். அதன் ஒவ்வொரு புள்ளியும் 3 மைக்ரான் போல. தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. ஒவ்வொரு படத்துக்கும் சில மில்லிநொடிதான் வெளிச்சம். நொடிக்கு 50 படம் வீதம் இரண்டு நிமிடம் ஓடவிட்டால் 6,000 படங்கள். செல்போன் வீடியோவைப் போல இவை சுருக்கப்படுவதில்லை. சென்சாரில் விழுந்தது விழுந்தபடி சேமிக்கப்படும். முழு எச்டி அளவில், கறுப்பு வெள்ளையில் எடுத்தாலே 12 ஜிபி ஆகிவிடும். இந்த 6,000 என்ற எண்ணுக்கு ஒரு முன்கதை உண்டு. பாரிஸ் வானாய்வகத்தில் லோவியும் புய்சோவும் நிலவின் புகைப்பட அட்லஸ் ஒன்றை 1896 முதல் 1910 வரை வெளியிட்டார்கள். அதற்காக அவர்கள் சுமார் 500 இரவுகள் விழித்து எடுத்த படங்களும் 6,000 வாக்கில்தான். அத்தனையிலும் தேறியவற்றை மட்டுமே அச்சுக்கு அனுப்பினார்கள். பொறுக்கி எடுப்பது கம்ப்யூட்டர் கொண்டுவந்த பழக்கம் இல்லை. அவர்கள் கண்ணால் செய்ததை ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற மென்பொருள் சில நிமிடங்களில் செய்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் புடைத்தலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். மென்பொருள் முதலில் ஒவ்வொரு படத்துக்கும் தெளிவு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும். மேலேயுள்ள பத்து சதவீதம், அதாவது 600 படங்கள், முறத்தில் நிற்கும். மற்றவை பதராகப் பறந்துவிடும். பிறகு நிலப்பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாக நகர்த்திப் பொருத்தும். ஏனென்றால் ஒரே படத்தில் பிளேட்டோ பள்ளம் தெளிந்தும் பக்கத்து மலைத்தொடர் நெளிந்தும் இருக்கலாம். 600 படங்களின் சராசரியில், மின்னணுப் புள்ளிகளின் சலசலப்பு கிட்டத்தட்ட 24 மடங்கு குறையும். அதன்பின்தான் கூர்மையாக்கம்.

"ஒட்டுப்போட்ட படம்தானே இது?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, பதிலும் எளிது: இதில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு புள்ளியும் அந்த இரவில் நிலவிலிருந்து வந்த ஒளி. வெளியிலிருந்து எதுவும் நுழையவில்லை. 2023இல் ஒரு செல்போனைச் சோதித்தபோது நடந்ததை இதனுடன் ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் காட்டிப் படமெடுத்தால், திரையில் இல்லாத பள்ளங்களை அந்தப் போன் தானாகவே வரைந்து தந்தது. அது ஏற்கெனவே கற்றுவைத்த நிலவு. எதிரே இருக்கும் நிலவு அல்ல. ஆனால் கூர்மையாக்கத்தைப் பற்றிய சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அளவு மீறினால் பள்ள விளிம்புகளில் வெள்ளை வளையம் முளைக்கும், சமவெளியில் இல்லாத மேடுகள் தோன்றும். சமூக வலைத்தளங்களில் கைதட்டு வாங்கும் பல படங்கள் இப்படி வறுத்தெடுத்தவைதான். இதற்கு ஒரு நேரான சோதனை உண்டு. பத்து நிமிடம் கழித்து இன்னொரு வீடியோ எடுத்துத் தனியாகப் புடைக்க வேண்டும். பிளேட்டோவின் தரையில் சுமார் 2 கி.மீ. அகலத்தில் சில குழிகள் உண்டு. அவை இரண்டு படத்திலும் அதே இடத்தில் இருந்தால் நிஜம், ஒன்றில் மட்டும் இருந்தால் நம் கைவேலை. ஷ்மிட்டுக்கும் லோர்மானுக்கும் இந்த வசதி இல்லை. அவர்கள் கண்ட காட்சி அந்த நொடியோடு போயிற்று. பின்னால் யாரும் எடுத்துச் சரிபார்க்க முடியவில்லை.

அமெரிக்காவின் எல்ஆர்ஓ விண்கலம் 2009 முதல் நிலவைச் சுற்றி அரை மீட்டர் துல்லியத்தில் படமெடுக்கிறது, நமது சந்திரயான்-2 கேமரா அதையும் மிஞ்சுகிறது. பிறகு மொட்டைமாடியிலிருந்து எதற்கு என்பது கடைசி ஆட்சேபம். வரைபடம் ஒன்றே நோக்கம் என்றால் தேவையில்லைதான். ஆனால் அந்தக் கலங்கள் ஒரு நேரத்தில் ஒரு குறுகிய பட்டையைத்தான் பார்க்கும்; பூமியிலுள்ள கேமரா நிலவின் முகத்தையே பார்க்கிறது. 2019 ஜனவரி 21 முழுச் சந்திர கிரகணத்தின்போது ஒரு விண்கல் நிலவில் மோதியது. ஸ்பெயினில் இதற்கென்றே இயங்கும் மிடாஸ் திட்டத்தின் தொலைநோக்கிகளும், கிரகணத்தைப் பதிவுசெய்துகொண்டிருந்த அமெச்சூர்கள் பலரின் கேமராக்களும் அந்த மோதலின் மின்னலைப் பிடித்தன. அது நீடித்தது 0.28 நொடி. சராசரி எடுத்தால் கரைந்தே போயிருக்கும். மூல வீடியோவை அழிக்காமல் வைத்திருந்தவர்கள் படம் படமாகத் திரும்பப் பார்த்து அதைக் கண்டெடுத்தார்கள்.