முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றும் பெரியவர்கள், கடைசி மூட்டையை வைத்ததும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். நுகம் தானே மேலே எழும்பினால் பின்பாரம். கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அசைக்கவே முடியாமல் அழுத்தினால் முன்பாரம். மாடு முட்டி போட்டுவிடும். இரண்டு மூட்டையை நகர்த்தி வைத்த பிறகுதான் மாட்டைப் பூட்டுவார்கள். டிராக்டருக்கு டிரெய்லர் வாங்கப் போகிறவர் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான்.

பட்டறைக்குப் போனதும் எல்லோரும் பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். தகடு எத்தனை மில்லி, நீளம் எத்தனை அடி, என்ன பெயின்ட்? கொஞ்சம் குனிந்து அச்சைப் பாருங்கள். இரண்டு சக்கர டிரெய்லரில் அச்சு, பெட்டியின் நட்டநடுவில் இருக்கக் கூடாது; சற்றுப் பின்தள்ளி இருக்க வேண்டும். 10 அடிப் பெட்டி, கொக்கியிலிருந்து அச்சு 10 அடி தூரம், பெட்டியின் நடுவிலிருந்து அச்சு 1 அடி பின்னால் என்று வைத்துக்கொள்வோம். 4 டன் சுமையைச் சமமாகப் பரப்பினால், அதில் 400 கிலோ கொக்கி வழியாக டிராக்டர் மேல் இறங்கும். அந்த எடைதான் பின்சக்கரத்தை மண்ணைக் கவ்வ வைக்கிறது. அச்சு சரியாக நடுவில் இருந்தால் கொக்கியில் சுமை பூஜ்யம். பின்பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினாலே டிரெய்லர் டிராக்டரின் வாலைத் தூக்கும். சேற்றில் சக்கரம் சும்மா சுற்றும். முன்பாரம் அதிகமானால் முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. கொக்கியும் தாழ்வாக இருக்க வேண்டும். பின்அச்சுக்கு மேலே மாட்டி இழுத்தால் மேட்டில் டிராக்டர் மல்லாந்துவிடும்.

பெரிய பெட்டி இருந்தால் நல்லதுதானே என்று கேட்பார்கள். ஒரு யூனிட் பெட்டி என்றால் 100 கன அடி. அதில் நெல் நிரப்பினால் ஒன்றரை டன்னுக்குச் சற்றுக் கூடுதல். மணல் நிரப்பினால் சுமார் நாலரை டன். பெட்டி ஒன்றுதான், அச்சின் மேல் ஏறும் எடையோ ஏறக்குறைய மூன்று மடங்கு. வைக்கோலும் நெல்லும் மட்டும் ஏற்றுகிறவருக்குப் பெரிய பெட்டி லாபம். மண்ணும் ஜல்லியும் அடிக்கிறவர் பெட்டியைச் சிறிதாக்கி, மிச்சப் பணத்தை அச்சிலும் பேரிங்கிலும் டயரிலும் போடட்டும்.

நான்கு சக்கர டிரெய்லர் தன் சுமையைத் தானே தாங்கிக்கொள்ளும். ஆனால் அதை ரிவர்ஸ் எடுப்பது தனி வித்தை. கொக்கியில் ஒரு மடிப்பு, முன் டர்ன்டேபிளில் இன்னொரு மடிப்பு. வரப்போரத்துச் சந்துகளில் திரும்ப வேண்டியவருக்கு அது தலைவலிதான்.

டிப்பர் வேண்டுமென்றால் ஜாக்கிக்கான எண்ணெய் டிராக்டரிலிருந்துதான் போகிறது என்பது நினைவிருக்கட்டும். ஜாக்கி முழுக்க நீளும்போது டிராக்டரில் எண்ணெய் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று பட்டறையிலேயே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூக்கிய பெட்டிக்குக் கீழே முட்டுக் கொடுக்காமல் தலையை நுழைக்காதீர்கள். ஹோஸ் ஒன்று வெடித்தால் போதும், பெட்டி அப்படியே இறங்கிவிடும்.

பிரேக்கைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. 45 குதிரைத்திறன் டிராக்டரின் எடையே சுமார் 2 டன்தான். பின்னால் 5, 6 டன் பிரேக் இல்லாமல் வந்தால், இறக்கத்தில் டிராக்டர் இழுப்பதில்லை. டிரெய்லர் அதைத் தள்ளுகிறது. டிரெய்லருக்கும் பிரேக் வைத்து வாங்குங்கள். தார்ச்சாலையில் டிராக்டரின் இரண்டு பிரேக் பெடல்களையும் கொண்டி போட்டு இணைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி பக்கவாட்டில் வெட்டித் திரும்பிவிடும். பின்னால் வருகிற சுமை நேராக வந்து இடிக்கும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்கும் பதிவு எண் உண்டு. பட்டறைக்காரர் அதற்கான காகிதம் தருவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், சமதளத்தில் நிற்கும் காலி இரண்டு சக்கர டிரெய்லரின் மூக்கைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஒற்றை ஆளாக அலுங்காமல் தூக்க முடிந்தால் அந்த வண்டி வேண்டாம்.