உயிரணுக்களை ஒட்டவைக்கும் புரதம்

நம் தோலிலும் குடலின் உட்சுவரிலும் உயிரணுக்கள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடிமானத்துக்கு முக்கியக் காரணம் கேட்ஹெரின் என்னும் புரதக் குடும்பம்.

இதைக் கண்டறிந்தவர்களில் முன்னோடி ஜப்பானின் மசதோஷி தகெய்ச்சி. கியோட்டோவில் அவர், புரதங்களைச் சிதைக்கும் டிரிப்சின் என்ற நொதியைக் கொண்டு பிரித்த உயிரணுக்கள் மறுபடி சேர்ந்துகொண்டன. அமெரிக்காவின் பால்டிமோருக்குப் போய் அதையே செய்தபோது சேரவில்லை! அங்கிருந்த டிரிப்சின் கரைசலில், கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. கால்சியம் இல்லாவிட்டால் கேட்ஹெரினை டிரிப்சின் சிதைத்துவிடும். வேறொருவராக இருந்தால் கரைசலைக் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்; தகெய்ச்சியோ அந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடினார்.

1987-இல் அவருடைய குழு இன்னும் அழகான சோதனை ஒன்றைச் செய்தது. ஒட்டும் குணம் இல்லாத எலி உயிரணுக்களுக்குள், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தின் மரபணுவைச் செலுத்தினார்கள். தனித்தனியாகக் கிடந்தவை நெருங்கி ஒட்டிக்கொண்டன.

இன்று எலியின் ஈ-கேட்ஹெரினை, ஆய்வகத்தில் வளர்க்கும் உயிரணுக்களைக் கொண்டே தயாரிக்கிறார்கள். தூய்மைப்படுத்தி, உறையவைத்து உலர்த்தி, சிறு குப்பிகளில் மைக்ரோகிராம் கணக்கில் விற்கிறார்கள். வளர்ப்புத் தட்டின் அடியில் இதைப் பூசினால், எலிக் கருவின் குருத்தணுக்கள் அதைப் பற்றிக்கொண்டு வளரும். வளர்ப்புக் கரைசலில் கால்சியம் இருப்பது மட்டும் கட்டாயம். குப்பியில் உள்ளது ஆராய்ச்சிக்கான பொருள், மருந்து அல்ல.