ஐந்து மாதத் தாள்

சில வருஷங்களுக்கு முன், ஒரு டிசம்பர் கடைசி. கிறிஸ்துமஸ் ஸ்டார் இன்னும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், எங்கள் தெருப் பையன் ஒருவன் போனை என் கையில் கொடுத்தான். வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப்., பதினோரு பக்கம், முழுக்க இங்கிலீஷ். வெளிமாநிலக் கால்பந்துக் கிளப் ஒன்று அனுப்பிய ஒப்பந்தம். "அண்ணா, சம்பளம் நல்லாத்தான் போட்டிருக்கான். ஆனா ஜனவரியில தொடங்கி மே 31-லயே முடியுதே, இது என்ன கணக்கு?" என்று கேட்டான். அவன் அப்பா தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போயிருந்தார். கரை சேர இன்னும் மூன்று வாரம் ஆகும். கிளப்போ இரண்டு நாளில் பதில் கேட்டிருந்தது.

நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரைக்கும் தூத்தூர் கரையின் எட்டு ஊர்களில் பந்து உதைக்காமல் வளர்ந்த பையன் அபூர்வம். இந்த மாதிரித் தாள் இனி இன்னும் பல வீடுகளுக்கு வரும். அதனால் அன்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் 'ஃப்ரீ ஏஜென்ட்' என்றால் யார்? எந்தக் கிளப்புடனும் நடப்பில் ஒப்பந்தம் இல்லாத ஆட்டக்காரர். ஒருவரை நடு ஒப்பந்தத்தில் வேறு கிளப் கூப்பிட்டால், பழைய கிளப்புக்கு டிரான்ஸ்ஃபர் தொகை கொடுத்து விடுவித்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் முடிந்தவருக்கு அந்தச் செலவில்லை, சம்பளம் மட்டும்தான். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் பணம் கேட்க முடிந்தது. பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மான் வழக்குப் போட்டு, 1995 டிசம்பர் 15-ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வழக்கத்தை உடைத்தது. தேதி முடிந்தால் ஆள் சுதந்திரம் என்பது பின்னர் உலகம் முழுக்க விதியாயிற்று.

இரண்டாவது, குறுகிய கால ஒப்பந்தம். எவ்வளவு குறுகியது? ஃபிஃபா விதிப்படி, ஒரு தொழில்முறை ஒப்பந்தம் தொடங்கும் தேதியிலிருந்து குறைந்தது அந்த சீசன் முடியும்வரை இருக்க வேண்டும். அதிகபட்சம் ஐந்து ஆண்டு, பதினெட்டு வயது நிறையாதவருக்கு மூன்று ஆண்டு. இந்தியாவில் சீசன் மே 31-இல் முடிகிறது. ஜனவரியில் ஒரு கிளப் உங்களை எடுத்தால் ஐந்து மாதத் தாள் வருவது அதனால்தான். ஏமாற்றுவதற்காகப் போட்ட தேதி இல்லை அது.

கிளப் இதை ஏன் விரும்புகிறது என்பது எங்கள் கரைக்காரர்களுக்கு எளிதாகப் புரியும். தங்கலுக்குப் போகும் போட்டில் ஓட்டுபவரும் இரண்டு மூன்று பழைய ஆட்களும் மாற மாட்டார்கள். ஒருவருக்கு உடம்பு முடியவில்லை, ஒருவர் வீட்டில் கல்யாணம் என்றால், அந்தத் தங்கலுக்கு மட்டும் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். செலவு போக மிச்சத்தில் அவருக்கும் பங்கு உண்டு. வேலை பிடித்திருந்தால் அடுத்த தங்கலுக்கும் கூப்பிடுவார்கள். கால்பந்துக் கிளப்பும் இதையேதான் செய்கிறது. நவம்பரில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரனுக்கு முழங்கால் போய்விட்டது, பாதி சீசன் மிச்சம் இருக்கிறது, கையில் பணம் குறைவு. டிரான்ஸ்ஃபர் தொகை கேட்காத, உடனே வந்து இறங்கக்கூடிய ஒருவரை மே வரைக்கும் எடுத்துக்கொள்கிறது. நன்றாக ஆடினால் நீட்டித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் தேதி தானாக முடிந்துவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய வருஷத்துக்கு இரண்டு முறைதான் கதவு திறக்கும். 'டிரான்ஸ்ஃபர் விண்டோ' என்பது அதுதான். கதவு மூடிய பின் யாரையும் சேர்க்க முடியாது. ஆனால் மூடுவதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்துபோனவருக்கு அந்தத் தடை கட்டாயமில்லை. நாட்டுச் சம்மேளனம் அனுமதித்தால் பிறகும் சேரலாம். நடுசீசனில் ஆட்டக்காரர்கள் காயப்பட்டுத் திண்டாடும் பயிற்சியாளருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

ஆனால் ஒரு அணியையே இப்படிக் கட்டினால் என்ன ஆகும்? நம் நாட்டில் அது பார்த்த கதை. 2014-இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கியபோது மொத்த லீக்கும் அக்டோபர் 12 முதல் டிசம்பர் 20 வரைதான். எட்டு அணிகள். உள்ளூர் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஐ-லீக் கிளப்புகளிலிருந்து இரவலாக வந்தார்கள். டெல் பியரோ, பிரெஸ், ட்ரெஸகே போன்ற பெரிய பெயர்கள் ஆட்ட வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில், ஒரு சீசனுக்காக வந்து போனார்கள். சென்னையின் எஃப்.சி.-யில் பிரேசிலின் எலானோ அந்த ஆண்டு 8 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடம். அடுத்த ஆண்டு கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல் அடித்தார். இறுதியாட்டத்தில் கோவாவை 3-2 என்று வென்று சென்னை கோப்பையைத் தூக்கியது. எலானோவும் மெண்டோசாவும் போன பிறகு, 2016-இல் அதே கிளப் எட்டு அணிகளில் ஏழாவது. பயிற்சியாளர் மாட்டெராஸி அப்படியேதான் இருந்தார். நடுவில் நின்ற ஆட்கள்தான் இல்லை. குறுகிய ஒப்பந்தம் ஓட்டை அடைக்கும், முதுகெலும்பு ஆகாது என்று நான் நினைப்பதற்கு அந்த ஒரு வருஷமே போதும்.

நம் மாவட்டத்துக்கு நெருக்கமான கதை சென்னை சிட்டி எஃப்.சி. 2017 ஜனவரியில் தொடங்கிய ஐ-லீக்கில் அந்தக் கிளப்புக்கு இடம் உறுதியானபோது லீக் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. அவசரமாகக் கூட்டிய அணிதான். ஆனால் அதில் தமிழ்நாட்டுப் பையன்கள் நிறைய. எங்கள் கரையிலேயே உள்ள இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜும் அவர் அண்ணன் மைக்கேல் ரெஜினும் அந்தச் சட்டை போட்டவர்கள்தான். கிளப் அந்தப் பையன்களில் பலரைக் கலைக்காமல் வைத்துக்கொண்டு, 2018-இல் ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் ஆடியவர்கள் சிலரைச் சேர்த்தது. பெட்ரோ மான்ஸியும் சாண்ட்ரோவும் நெஸ்டரும் வந்தது அப்படித்தான். 2018-19 ஐ-லீக் பட்டம் கிளப்பின் ஆட்டக்களமான கோயம்புத்தூருக்கு வந்தது. பெரிய பணம் இல்லாத கிளப், பொறுக்கி எடுத்த வெளிநாட்டு ஆட்களை ஊர்ப் பையன்களின் மேல் வைத்துக் கட்டிய அணி அது. எனக்கு அந்த முறைதான் சரி. ஆனால் மான்ஸி 2020 ஜனவரியில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார், மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அந்த உயரத்தைக் கிளப் திரும்பத் தொடவில்லை.

சூசைராஜ் அதற்கு முன்பே, 2018-இல், ஜாம்ஷெட்பூருக்கும், அடுத்த ஆண்டு ஏ.டி.கே.-வுக்கும் போயிருந்தார். 2020 நவம்பர் 20, கோவாவின் பாம்போலிம் மைதானம், ஐ.எஸ்.எல். சீசனின் முதல் ஆட்டம். ஏ.டி.கே. மோகன் பகானுக்கு இடதுபக்கத்தில் இறங்கிய சூசைராஜ், கால் மணி நேரம்கூட ஆகாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த சீசன் முழுக்க அவருக்கு அங்கேயே முடிந்தது. ஆனால் அவர் கையில் இருந்தது ஐந்து மாதத் தாள் இல்லை. காயத்துக்குப் பிறகும் அதே கிளப்பின் ஆட்டக்காரராகவே இருந்தார். 2022-இல்தான் ஒடிசாவுக்கு மாறினார்.

அன்று அந்தப் பையனுக்கு நான் முதலில் சொன்னதும் இதைத்தான். சம்பளக் கட்டத்தை அப்புறம் பார், காயம் பற்றிய பக்கத்தைத் திற. அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது, மே 31-க்குப் பிறகும் நொண்டிக்கொண்டிருந்தால் பிசியோதெரபிக்கு யார் பணம் கட்டுவது, காப்பீட்டுப் பாலிசியின் எண் என்ன. அவனுடைய தாளில் "கிளப்பின் விருப்பப்படி" என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஜனவரியில் சேர்ந்து ஏப்ரலில் முழங்கால் தசைநார் அறுந்தால், காயம் ஆறும் முன்பே ஒப்பந்தம் முடிந்திருக்கும். குணமாக எட்டு ஒன்பது மாதம். அதற்குள் அடுத்த சீசனுக்கு ஆள் எடுத்து முடித்திருப்பார்கள்.

அடுத்தது நீட்டிப்பு வரி. 'இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கலாம்' என்று இருந்தால், அந்த முடிவு யார் கையில் என்று பார்க்க வேண்டும். கிளப் மட்டும் நீட்டிக்கலாம், அதுவும் பழைய சம்பளத்துக்கே என்றால், நன்றாக ஆடிய பையன்தான் நஷ்டப்படுவான். இத்தனை ஆட்டம் இறங்கினால் தானாக நீளும், சம்பளமும் ஏறும் என்று எழுதிக் கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை. ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு கையெழுத்துப் போட ஃபிஃபா விதியே இடம் தருகிறது. ஐந்து மாதத் தாள் என்றால் கையெழுத்திட்ட நாள் முதலே அந்த உரிமை உண்டு. ஒரு சீசனில் மூன்று கிளப்புகளில் பதிவாகலாம், இரண்டுக்குத்தான் ஆட முடியும் என்ற வரம்பையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகஸ்டில் ஒரு கிளப்புக்கு இறங்கிவிட்டு ஜனவரியில் இன்னொன்றுக்கு இறங்கினால், அந்த சீசனின் கணக்கு பொதுவாக அதோடு முடிந்தது.

மூன்றாவது, மருத்துவச் சோதனை. 'கையெழுத்துப் போடு, சோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும்' என்று ஒரு கிளப் எழுத முடியாது. அந்த நிபந்தனை கூடாது என்பது ஃபிஃபாவின் தெளிவான விதி; சோதனையை முதலில் முடித்துவிட்டுக் கையெழுத்துக்கு வருவது கிளப்பின் வேலை. அதைச் சொன்னபோது அந்தப் பையன் வாய்விட்டுச் சிரித்தான். இரண்டாம் பக்கத்தில் அந்த வரி அப்படியே இருந்தது.

சம்பளம் வராமல் போனால்? இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால், எழுத்தில் பதினைந்து நாள் கெடு கொடுத்து, அதற்கும் பணம் வரவில்லையென்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். குறுகிய ஒப்பந்தத்தில் இந்த உரிமை கொஞ்சம் வலுவிழந்தே இருக்கிறது. பிப்ரவரியும் மார்ச்சும் பாக்கி, ஏப்ரலில் கெடு என்று போனால் மே வந்துவிடும். அதனால் முதல் மாதத்திலிருந்தே வங்கிக் கணக்கில் வந்த தொகை, வராத தொகை, கேட்டு அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். 2006-இல் பாய்ச்சுங் பூட்டியாவும் மற்றவர்களும் தொடங்கிய இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர்கள் சங்கம் இந்த மாதிரிப் பாக்கிகளுக்காகப் பேசுகிறது. நம் கரைப் பையன்களில் பலருக்கு அப்படி ஒரு சங்கம் இருப்பதே தெரியாது.

நீண்ட ஒப்பந்தம் இருந்தாலும் லீக் நின்றால் நிலைமை கஷ்டம்தான். 2025 ஜூலையில், ஐ.எஸ்.எல். நடத்திய நிறுவனத்துக்கும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் இருந்த 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடியப்போகிறது என்ற நிலையில், அடுத்த சீசனையே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் சில கிளப்புகள் சம்பளத்தையும் செயல்பாட்டையும் நிறுத்தின. 2026 பிப்ரவரி 14-இல் 14 கிளப்புகளோடு தொடங்கும் என்று ஜனவரியில்தான் அறிவிப்பு வந்தது. பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்தோடு முடியும் சீசனுக்குக் கிளப்புகள் நான்கு மாதத் தாள்தான் நீட்டும். அதனால்தான் இந்தப் பக்கங்களைப் படிக்கத் தெரிந்திருப்பது இப்போது இன்னும் அவசரம்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறொன்று. ஒரு பையனைப் பன்னிரண்டு வயதில் மணலில் ஓடவிட்டு வளர்த்த ஊர் மன்றத்துக்கு என்ன கிடைக்கிறது? ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் ஆட்டக்காரரை வெளிநாட்டுக் கிளப் டிரான்ஸ்ஃபர் தொகை கொடுத்து வாங்கினால், அதில் 5 சதவீதத்தை அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று ஃபிஃபா விதி இருக்கிறது. ஃப்ரீ ஏஜென்ட்டுக்கு டிரான்ஸ்ஃபர் தொகையே இல்லை. 5 சதவீதம் பூஜ்யத்தில்தான். அதோடு, மன்றம் பதிவு செய்யப்பட்டு, பையனின் பெயர் அந்த வயதிலேயே சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் ஏறியிருந்தால்தான் எதையாவது கேட்கவே முடியும். சர்ச் திருவிழாவுக்குச் சேரும் காசில் பந்து வாங்கி, பையன்களைச் சேர்த்து ஆடவைக்கும் மன்றங்கள் எங்கள் பக்கம் எத்தனையோ. அவர்களின் நோட்டில் பையன்களின் பெயர்கள் இருக்கின்றன, பதிவில் இல்லை. இந்த ஒரு வேலையை ஊருக்கு ஒருவர் எடுத்துச் செய்ய வேண்டும் என்று நான் பங்குப் பேரவையில்கூடச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்னும் சொல்வேன்.

அந்தப் பையன் என்ன செய்தான்? மறுநாள் காலை நாங்கள் இருவரும் உட்கார்ந்து இரண்டு வரி மட்டும் கேட்டு மெயில் எழுதினோம். விளையாட்டில் பட்ட காயத்துக்குக் குணமாகும்வரை சிகிச்சை கிளப்பின் பொறுப்பு, பத்து ஆட்டம் இறங்கினால் கூடுதல் சம்பளத்தில் ஒரு வருஷம் நீட்டிப்பு. இரண்டாவதை மறுத்துவிட்டார்கள். முதலாவதை, மே 31-க்குப் பிறகு ஆறு மாதம் என்று தேதி போட்டு ஒத்துக்கொண்டார்கள். அவன் அம்மா அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தாள். அப்பா கரைக்கு வந்து சேர்ந்தபோது பையன் ரயிலேறிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.