கணினிக்குப் புத்துயிர்

வண்டியின் சக்கரம் தேய்ந்துவிட்டால் வண்டி முழுவதையும் எறிந்துவிடுவார் இலர். கூரையில் சில ஓடுகள் உடைந்தால் வீட்டையே இடிப்பாரும் இலர். பழுதுற்ற உறுப்பை நீக்கி, அவ்விடத்தில் நல்லதொன்றை அமைத்து, பொருளை மேலும் பல்லாண்டு பயன்படுத்துவதே மக்கள் வழக்கம். ஆனால், மேசைக் கணினி சற்றுத் தளர்ந்தவுடன் அதனை அடியோடு ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றை வாங்குவோர் பலர். கணினியும் உறுப்புகள் பல சேர்ந்து அமைந்த கருவியே. அதன் தலையாய உறுப்புகளையும் தாமே மாற்றி அமைத்தல் இயலும் என்பதைப் பலர் அறியார்.

கணினியின் மூளை எனத்தக்கது செயலி. கடைவீதியில் 'பிராசசர்' என்று வழங்கப்பெறுவது இதுவே. உள்ளங்கையில் அடங்கும் சிறு தகடேயாயினும், கணக்கிடும் வேலையின் பெரும்பகுதி இதனுள்ளேதான் நிகழ்கின்றது. இச்செயலி அமர்ந்திருக்கும் பலகை தாய்ப்பலகை. இதனை 'மதர்போர்டு' என்பர். செயலி, நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கி ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைப்பது இப்பலகையே.

இவற்றை மாற்றும் தேவை அண்மையில் பலருக்கு நேர்ந்தது. விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கு அளித்துவந்த பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளுள் பெரும்பாலும் 2017-இல் வெளிவந்த எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிற்பட்டவற்றையுமே ஏற்கின்றது. ஆகவே, 2016-இல் வாங்கப்பெற்று, ஆறாம் தலைமுறையைச் சேர்ந்த ஐ5-6500 என்னும் செயலியைக் கொண்ட கணினி, நன்றாக இயங்கியும் புதிய பதிப்புக்குத் தகுதியற்றதாயிற்று. பெட்டி கெடவில்லை, திரை மங்கவில்லை, விசைப்பலகை தேயவில்லை. குறை செயலி ஒன்றிலேயே உள்ளது. அங்ஙனமிருக்க, கணினி முழுவதையும் எறிவானேன்?

செயலியை மட்டும் மாற்றினால் போதாதோ எனின், போதாது. செயலி பொருந்தும் இடத்திற்குச் சாக்கெட் என்று பெயர். ஐ5-6500 செயலிக்குரிய சாக்கெட்டில் 1151 தொடுமுனைகள் உள்ளன. 2022-இல் வெளிவந்த ஐ5-12400 செயலிக்கோ 1700 தொடுமுனைகள் வேண்டும். ஆதலின், அச்செயலியை விரும்புவோர் தாய்ப்பலகையையும் மாற்றியே ஆகவேண்டும். எண் ஒத்திருந்தால் மட்டும் போதும் என்று எண்ணுதலும் தவறு. எட்டாம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளும் 1151 தொடுமுனைகள் உடையனவே. ஆயினும், ஆறாம் தலைமுறைக்கெனச் செய்யப்பெற்ற பலகைகள் அவற்றை ஏற்கும் வகையில் அமைக்கப்பெறவில்லை. உருவம் ஒத்திருத்தல் வேறு, பொருந்துதல் வேறு. எந்தப் பலகை எந்தச் செயலியை ஏற்கும் என்பதைப் பலகை செய்தோர் வெளியிடும் பட்டியலைக் கண்டு தெளிந்த பின்னரே பணத்தைக் கொடுத்தல் வேண்டும்.

பொருத்தம் இவ்விரண்டோடு முடிவதன்று. ஐ5-12400 செயலி டிடிஆர்4, டிடிஆர்5 என்னும் இருவகை நினைவகங்களோடும் இயங்க வல்லது. தாய்ப்பலகைகளோ பெரும்பாலும் இரண்டில் ஒன்றையே ஏற்கும். பழைய கணினியில் டிடிஆர்4 இருப்பின், அவ்வகையை ஏற்கும் பலகையைத் தேர்ந்தால் நினைவகச் செலவு மிச்சமாகும். பலகையின் அளவும் பெட்டிக்கு ஏற்றதாதல் வேண்டும். 1995-இல் வகுக்கப்பெற்ற ஏடிஎக்ஸ் முறைப்படி முழுப் பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் உடையது. அதன் சிறுவகையோ இருபுறமும் 244 மில்லிமீட்டரே. வெப்பம் தணிக்கும் விசிறியின் திருகாணித் துளைகளும் பழைய பலகையில் 75 மில்லிமீட்டர் இடைவெளியிலும் புதியதில் 78 மில்லிமீட்டர் இடைவெளியிலும் அமைந்துள்ளன. மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டால் பழைய விசிறி பயன்படாது போகும்.

வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டியவை சில உள. கணினியிலுள்ள கோப்புகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். விண்டோஸின் உரிமத்தை உரியவரின் மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்தலும் நன்று. தாய்ப்பலகை மாறினால் கணினியை வேறொன்றாகக் கருதி, விண்டோஸ் மீண்டும் உரிமம் கேட்கக்கூடும். உள்ளிருக்கும் கம்பிகள் எவ்வெவ்விடத்தில் செருகப்பெற்றுள்ளன என்பதைப் படம் எடுத்துக்கொண்டால் பின்னர்த் தடுமாற்றம் நேராது. மின்னிணைப்பை முற்றும் நீக்கிய பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும். மின்வழங்கியை மட்டும் எக்காரணம் பற்றியும் பிரித்தலாகாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்சாரம் தேங்கி நிற்கும்.

உடலில் சேரும் நிலைமின்சாரமும் கருதத்தக்கது. அது பாய்வதை மனிதன் உணர்வதற்குச் சுமார் 3000 வோல்ட் அழுத்தம் வேண்டும். நுண்ணிய சில்லுகளோ அதனினும் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே கெடக்கூடும். ஆதலின், பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை அடிக்கடி தொட்டுக்கொள்ளுதல் நலம்.

பழைய பலகையைக் கழற்றியபின், பெட்டியில் உள்ள சிறு பித்தளைக் கால்களை நோக்குதல் வேண்டும். புதிய பலகையின் துளைகளுக்கு நேராக இல்லாத கால் ஒன்று இருப்பினும் அது பலகையின் அடியில் பட்டுக் குறுக்குமின்னோட்டம் உண்டாக்கும். செயலியைப் பலகையில் அமர்த்துதல் பெட்டிக்கு வெளியே, மேசைமீது செய்யத்தக்க வேலை. சாக்கெட்டின் நெம்புகோலை உயர்த்தி, மூடியைத் திறந்து, செயலியின் மூலையிலுள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு நேர்ப்படுத்தி, விளிம்புகளைப் பற்றி மெல்ல வைத்தல் வேண்டும். அது தன் எடையாலேயே அமரும். விரலால் அழுத்துதல் ஆகாது. சாக்கெட்டின் மெல்லிய ஊசிகள் வளைந்தால் பலகையே பாழாகும். நெம்புகோலை மூடும்போது மட்டும் சிறிது வலிமை வேண்டும், அஃது இயல்பே.

செயலியின் மேல் ஒரு பட்டாணி அளவு வெப்பக் களிம்பை வைத்து, அதன்மீது விசிறியைப் பொருத்துவர். உலோகப் பரப்புகள் இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினும் அவற்றிடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. அவ்விடைவெளிகளில் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. களிம்பு அக்காற்றை அகற்றி வெப்பம் செல்ல வழிசெய்கின்றது. பின்னர் நினைவகத்தைச் செருகி, பலகையைப் பெட்டியில் திருகி, 24 முனைகளையுடைய பெரிய மின்னிணைப்பையும் செயலிக்குரிய தனி இணைப்பையும் செருகுதல் வேண்டும்.

முதன்முறை இயக்கும்போது திரை இருண்டிருப்பின் அஞ்சுதல் வேண்டா. செயலிக்குரிய மின்னிணைப்பை மறந்திருத்தலும், நினைவகம் முழுவதும் செருகப்பெறாமையும் பெரும்பாலும் காணப்படும் காரணங்கள். பெயரின் இறுதியில் 'எஃப்' என்னும் எழுத்தைத் தாங்கிய இன்டெல் செயலிகளில் படம் காட்டும் உறுப்பு இல்லை. அவற்றிற்குத் தனி வரைகலை அட்டை வேண்டும். மின்னிணைப்பை நீக்கி, ஒவ்வொன்றாகச் சோதித்தால் குறை வெளிப்படும்.

எல்லாக் கணினிகளும் இம்மாற்றத்திற்கு இடந்தருவன அல்ல. சில நிறுவனங்கள் தமக்கே உரிய வடிவில் பலகையையும் மின்வழங்கியையும் அமைத்துவிடுகின்றன. அவற்றில் பிறர் செய்த பலகை பொருந்தாது. மடிக்கணினிகளுள் பெரும்பாலானவற்றின் நிலையும் இதுவே. வேகக் குறைவு ஒன்றே குறையாயின், சுழலும் வன்தட்டை நீக்கி எஸ்எஸ்டி சேமிப்பகத்தை அமைத்தலே சில இடங்களில் போதும். வேண்டுவது எதுவென ஆராய்ந்து அறிதலே முதல் வேலை.

இதனால் விளையும் நன்மை பணத்தளவில் நிற்பதன்று. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பெற்றதாகப் பதிவு பெற்றது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவே. எஞ்சியவற்றுள் பல, ஈயம் போன்ற நஞ்சுகளோடு மண்ணையும் நீரையும், அவற்றை வெறுங்கையால் பிரிக்கும் ஏழைகளின் உடலையும் கெடுக்கின்றன. இரண்டு உறுப்புகளை மாற்றி ஒரு கணினியைக் காப்பவர், அக்குவியலில் ஒரு பெட்டியைக் குறைத்தவர் ஆவார். கழற்றிய பழைய பலகையும் செயலியும் இயங்கும் நிலையில் இருப்பின் தேவையுள்ளோர்க்கு அளிக்கலாம். இல்லையேல் மறுசுழற்சி செய்வோரிடம் சேர்ப்பித்தல் கடன்.

தாம் பயன்படுத்தும் கருவியின் உள்ளமைப்பை அறியாதவர், அது நின்றபோது பிறர் சொல்லையே நம்பி நிற்க நேரும். அறிந்தவரோ எது கெட்டது, எது கெடவில்லை என்று பிரித்துணர்வர். கெட்டதை மட்டும் மாற்றி, நல்லதைக் காப்பர். திருப்புளி ஒன்றும், பொறுமை சிறிதும், பொருத்தம் அறியும் அறிவும் உடையார்க்குப் பழைய கணினி குப்பையன்று; இன்னும் பல்லாண்டு உழைக்கவல்ல கருவியே ஆகும்.