பகையினின்று மீளும் வழி



வெறுப்பு என்பது பிறவிக் குணமா, அன்றிக் கற்றுக்கொள்ளும் பாடமா? கற்ற பாடமாயின் அதனை மறக்கவும் இயலுமா? இவ்விரு வினாக்களையும் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன் நான். முதல் வகுப்பில் கைகோத்துத் திரியும் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பை எட்டுமுன் தெருவாரியாகப் பிரிந்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அவர்களுக்கு யாரோ ஏதோ கற்பித்திருக்கிறார்கள். அப்பாடம் நம் பாடநூல்களில் இல்லை.

அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டு வெளிவந்த 'அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்' என்னும் திரைப்படம் இதே வினாவை எழுப்புகிறது. டோனி கே என்பவர் இயக்கிய அப்படம் கொடிய காட்சிகள் நிறைந்தது; சிறுவர் காணத் தக்கதன்று. ஆயினும் அதன் கதை அறியத் தக்கது. டெரெக், டேனி என்போர் வெள்ளை இனத்துச் சகோதரர் இருவர். தீயணைப்பு வீரரான தந்தை கறுப்பினத்தவர் சிலரால் கொல்லப்படுகிறார். துயரில் வெந்த மூத்தவனை நாஜிக் கொள்கை பரப்பும் கூட்டத் தலைவன் ஒருவன் தன்பால் ஈர்த்துக்கொள்கிறான். டெரெக் கொலை புரிந்து சிறை செல்கிறான். சிறையில் துணி மடிக்கும் வேலையில் உடன் நின்ற கறுப்பினத் தோழன் ஒருவனாலும், தன்னைக் கைவிடாது தேடி வந்த கறுப்பின ஆசிரியர் ஒருவராலும் மனம் மாறுகிறான். விடுதலையாகி வீடு திரும்பினால், தான் கைவிட்ட பாதையில் தம்பி நடந்துகொண்டிருக்கிறான். அவனை மீட்க அண்ணன் படும் பாடே படத்தின் உயிர்நாடி. தம்பி மீளத் தொடங்கும் வேளையில், பள்ளியிலேயே மற்றொரு மாணவன் அவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறான்.

இப்படத்தில் ஒரு நுட்பம் உண்டு. தந்தையின் மரணத்தில்தான் வெறுப்பு பிறந்தது என்று நாம் எண்ணியிருக்கையில், பழைய நிகழ்ச்சி ஒன்று காட்டப்படுகிறது. குடும்பம் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறது. கறுப்பின ஆசிரியரையும் அவர் கற்பிக்கும் நூலையும் தந்தை மெல்லப் பழித்துப் பேசுகிறார். மகன் கேட்டுத் தலையசைக்கிறான். தந்தையின் மரணம் அவ்விதைக்கு நீர் வார்த்தது. விதையோ உணவு மேசையிலேயே விழுந்துவிட்டது.

இது அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டா. வில்லியனூர் வட்டத்துக் காட்டேரிக்குப்பத்தில் வாழும் நான், நம் புதுச்சேரியோடு தொடர்புடைய சகோதரர் இருவரை இங்கே நினைவூட்டுகிறேன். அவர்கள் அரவிந்த கோஷும் அவர் தம்பி பாரீந்திர குமார கோஷும் ஆவர். ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். அடிமைப்பட்ட நாட்டினர் ஆதிக்கத்தின் மேல் கொண்ட சினமும், ஆதிக்க இனத்தார் எளியோர் மேல் கொண்ட இகழ்ச்சியும் ஒன்றல்ல. முன்னதற்கு நியாயம் உண்டு, பின்னதற்கு இல்லை. ஆயினும் நியாயமான சினமும் எல்லை மீறினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இச்சகோதரர் வரலாறு காட்டுகிறது.

இங்கிலாந்தில் கற்றுத் திரும்பி பரோடாவில் பணியாற்றிய அரவிந்தரிடமே தம்பி பாரீந்திரர் புரட்சி நெறியில் உறுதிமொழி ஏற்றார். பின்னர்க் கல்கத்தாவை அடுத்த மாணிக்தலாவில், தம் குடும்பத்துக்குரிய தோட்டத்தில், இளைஞரைத் திரட்டி வெடிகுண்டு செய்ய முற்பட்டார். 1908 ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் கிங்ஸ்ஃபோர்டு என்னும் நீதிபதியின் வண்டி என்று எண்ணி இளைஞர் இருவர் குண்டு வீசினர். அவ்வண்டியில் கிங்ஸ்ஃபோர்டு இல்லை. இருந்தோர் கென்னடி என்பவரின் மனைவியும் மகளும். யாருக்கும் தீங்கு இழைக்காத அவ்விருவரும் மாண்டனர். குண்டு வீசிய இளைஞருள் பிரபுல்ல சாகி தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். குதிராம் போஸ், இருபது வயதும் நிரம்பாத நிலையில், 1908 ஆகஸ்டு 11 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர்களது துணிவையும் நாட்டுப்பற்றையும் எவரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு கூட்டத்தையே பகையாகக் கொண்டுவிட்டால் வண்டியில் இருப்பவரின் முகம் தெரிவதில்லை.

அலிப்பூர் வழக்கில் அரவிந்தர் ஓராண்டு சிறையில் இருந்து 1909 மே மாதம் விடுதலை பெற்றார். தம்மைக் காத்து நின்ற காவலரிடத்தும், உடனிருந்த கைதிகளிடத்தும், வழக்கு விசாரித்த நீதிபதியிடத்துமே இறைவனைக் கண்டதாக அவர் பின்னர் உத்தர்பாராவில் ஆற்றிய உரையில் கூறினார். பாரீந்திரருக்கோ தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. அந்தமான் சிறையில் பத்தாண்டுகள் கழிந்தன.

1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் புதுச்சேரியில் கரை இறங்கினார். அக்காலத்தில் இது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. நம் கொம்யூன்களில் ஒரு வரப்பைத் தாண்டினால் வேறு ஆட்சி; ஆங்கிலக் காவலரின் கை அங்கேயே நின்றுவிடும். ஆகவே தேசபக்தர் பலர்க்கு இந்நகர் புகலிடமாயிற்று. 1920-இல் விடுதலையான பாரீந்திரரும் பின்னர் இங்கு வந்து, அண்ணன் நிழலில் சில ஆண்டுகள் தங்கினார். இளமையில் குண்டு செய்த அவர், பிற்காலத்தில் பத்திரிகையாளராக வாழ்ந்து 1959-இல் மறைந்தார். தம்பியைப் புரட்சி வழியில் சேர்த்த அண்ணனே, அவர் அவ்வழியினின்று திரும்பி வந்தபோது இடமும் கொடுத்தார்.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் கை ஓங்கியிருந்த 1940-ஆம் ஆண்டு, அரவிந்தர் பிரிட்டனும் அதன் நேச நாடுகளும் வெல்ல வேண்டும் என வெளிப்படையாக அறிவித்துப் போர் நிதிக்கும் பொருள் உதவினார். தம்மைச் சிறையிலிட்ட அரசின் பக்கம் அவர் நிற்பதா என்று பலர் வியந்தனர். நாஜிக் கொள்கை வெல்லின் மனித இனத்துக்கே அழிவு என அவர் கருதினார். பழைய பகையின் கணக்கைப் பார்த்திருந்தால் அம்முடிவு அவருக்குத் தோன்றியிராது.

நம் தமிழகத்தார் ஒருவரையும் சொல்ல வேண்டும். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், வ. வே. சு. ஐயர் என நீங்கள் அறிந்தவர், 1910-இல் புதுச்சேரிக்கு வந்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்டு, தாமும் உயிர் துறந்த வாஞ்சிநாதன் இவரிடமே துப்பாக்கிப் பயிற்சி பெற்றார் என்பர். வாஞ்சியின் சட்டைப் பையில் கிடைத்த கடிதத்தில் ஆங்கிலேயரை மிலேச்சர் என இகழும் சொல் இருந்தது. அத்தகைய ஐயர் காலப்போக்கில் துப்பாக்கியை விட்டு எழுதுகோலைப் பற்றினார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். காந்தியடிகளின் வழியை ஏற்றார். சிறையில் இருந்தபடியே கம்பரைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதினார்.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. 1922-இல் அவர் தொடங்கிச் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில், பெற்றோர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, பிராமணச் சிறுவர் இருவர்க்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ. வெ. ராமசாமியும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். தமிழகமே கொந்தளித்தது. அப்பூசல் ஓயுமுன் 1925 ஜூன் மாதம், பாபநாசத்து அருவியில் தவறி விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து ஐயர் உயிர் நீத்தார். துப்பாக்கியைக் கீழே வைக்க முடிந்த பெரியவருக்கும் பந்தியை ஒன்றாக்க முடியவில்லை. பாருங்கள், அமெரிக்கப் படத்தில் உணவு மேசை. இங்கே உணவுப் பந்தி. வேற்றுமை முதலில் இலை போடும் இடத்தில்தான் கற்பிக்கப்படுகிறது.

இது பழங்கதையன்று. சேரன்மாதேவி இருக்கும் அதே திருநெல்வேலி மாவட்டத்தில், நாங்குநேரியில், 2023 ஆகஸ்டு மாதம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை உடன் பயின்ற மாணவரே சாதிப் பகையால் வீடு புகுந்து வெட்டினர். அண்ணனைக் காக்க ஓடி வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். இதன் பின்னர் அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு, 2024 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம் முதலியவற்றைப் பள்ளியில் அணியலாகாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. அறிக்கை தமிழ்நாட்டிற்கு எழுதப்பட்டது. அதன் பாடமோ நமக்கும் உரியது.

இனி, மீளும் வழி யாது? மேற்கண்ட வரலாறுகள் மூன்று செய்திகளை உணர்த்துகின்றன. முதலாவது, வெறுப்புக்கு முகம் தெரியாது. ஆகவே பகைவன் என்று சொல்லப்படுபவனின் முகத்தை அருகிருந்து காண வேண்டும். டெரெக்கின் மனத்தைத் திருப்பியது சொற்பொழிவு மட்டுமன்று. ஒருவனோடு நாள்தோறும் சேர்ந்து செய்த எளிய வேலையும்தான். இரண்டாவது, மீள்வோனுக்கு இடம் வேண்டும். திரும்பி வருபவனை இகழ்ந்து தள்ளினால் அவன் பழைய கூட்டத்துக்கே போய்ச் சேர்வான். பாரீந்திரருக்கு ஓர் அண்ணன் இருந்தார். டெரெக்குக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். மூன்றாவது, ஆயுதத்தை விடுவதோடு வேலை முடிவதில்லை. அன்றாட வழக்கத்தில் ஒளிந்திருக்கும் வேற்றுமையையும் தேடிக் களைய வேண்டும்.

தம்பி தங்கை உடைய மாணவரே, உங்கள் பொறுப்பு பெரிது. நீங்கள் கட்டும் கயிற்றை அவர்களும் கட்டுவார்கள்; நீங்கள் சொல்லும் இழிசொல்லை அவர்களும் சொல்வார்கள். நீங்கள் மனம் மாறும் நாளுக்குள் அவர்கள் நெடுந்தொலைவு சென்றிருக்கவும் கூடும். ஆகவே மாற்றத்தை நாளைக்கென ஒத்திப்போடாதீர்கள்.

தொடக்கத்துக்குப் பெருஞ்செயல் எதுவும் வேண்டா. அடுத்த முறை பள்ளியில் நண்பகல் மணி அடித்ததும், இதுகாறும் உடனிருந்து உண்ணாத ஒருவர் பக்கத்தில் சென்று அமர்ந்து, உங்கள் உணவை அவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். பந்தியில் கற்ற பாடத்தைப் பந்தியிலேயே மறக்கலாம்.