மலைக்குச் சாலை: மாவட்டத்தைத் தாண்டவே தேவையில்லாத ஓர் அனுமதி

அக்டோபர் 2 கிராம சபை நெருங்குகிறது. மலைக் கிராமங்களில் இந்த முறையும் முதல் தீர்மானம் சாலையாகத்தான் இருக்கும். 'சாலை வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமா, வனத்துறைக்குத் தனி மனு கொடுக்க வேண்டுமா, கோப்பு டெல்லி வரை போகுமா என்று கேட்டுப் பல கடிதங்கள். கோட்டக்குப்பத்திலிருந்து எழுதியவரின் கேள்விதான் கூர்மையானது: "மரக்காணம் வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையை நான்கு வழியாக்குகிறார்கள். 2019 வரை கல்வராயன் மலையும் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில்தானே இருந்தது? அங்கே ஒரு ஜீப் போகிற அகலத்துக்குக்கூட ஏன் சாலை போட முடியவில்லை?"

கடற்கரையில் குறுக்கே நிற்பது பட்டா நிலம். இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். மலையில் குறுக்கே நிற்பது காப்புக்காடு. அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழியை ஊராருக்கு யார் சொல்வது என்பதுதான் சிக்கல்.

'வனத்துறை அனுமதிக்கவில்லை' என்கிறார்களே?

மறுத்த கடிதத்தின் நகலைக் கேளுங்கள். கேட்டு மறுக்கப்பட்டது வேறு, யாரும் கேட்கவே இல்லை என்பது வேறு. அந்த ஒரு வாக்கியத்தால் இரண்டையும் மூடிவிடலாம். கடிதம் இல்லையென்றால், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பத் தேதியையாவது கேட்டு வாங்குங்கள்.

காட்டு நிலத்தில் சாலை போட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி. மாநில அரசு மத்திய அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும், மாற்றுக் காடு வளர்க்க வேண்டும், எடுக்கும் காட்டுக்கு விலையும் கட்ட வேண்டும். நாமக்கல் மாவட்டம் போதமலைக்கான சாலைத் திட்டம் போல, 30 கி.மீ.க்கு மேல் நீண்டு சுமார் 140 கோடி ரூபாயை விழுங்கும் வேலைக்கு வேறு வழியில்லை.

இன்னொன்று, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2). இதைப் பட்டா கொடுக்கும் சட்டம் என்று மட்டுமே பலரும் நினைக்கிறார்கள். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மருந்தகம், மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை என்று 13 வகை அரசு வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்கலாம் என்கிறது இந்தப் பிரிவு. 1980 சட்டம் என்ன சொன்னாலும் சரி என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. நிபந்தனைகள் மூன்று: ஒவ்வொரு நேர்விலும் நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.

ஒரு ஹெக்டேரில் எவ்வளவு சாலை வரும்?

ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஒற்றை வழித் தார்ச்சாலையின் அகலம் 3.75 மீட்டர். தாளில் மட்டும் கணக்குப் போட்டால் 2.6 கி.மீ. கிடைக்கும். ஆனால் மலையில் தாரை மட்டும் அளந்து வேலை நடக்காது. ஓரம், வடிகால் எல்லாம் சேர்த்து 6 மீட்டர் என்று வைத்தால் நீளம் 1.6 கி.மீ.யாகச் சுருங்குகிறது. சரிவை வெட்ட வேண்டிய இடங்களில் இன்னும் குறையும்.

மரக் கணக்கு இதைவிடச் சுவாரசியம். ஹெக்டேருக்கு 75 என்றால் 133 சதுர மீட்டருக்கு ஒன்று. 6 மீட்டர் அகலச் சாலையில் சராசரியாக 22 மீட்டருக்கு ஒரு மரத்தை வெட்டலாம். இது நிற்கும் மரங்களின் கணக்கு அல்ல, வெட்டும் மரங்களின் கணக்கு. ஏற்கெனவே ஜனங்கள் நடந்து நடந்து மரமில்லாமல் போன தடத்தை ஒட்டிச் சாலையை வளைத்தால் இந்த வரம்பு பெரிய தடையாக இருக்காது. நேர்கோடு போட்டுக்கொண்டு வரும் பொறியாளருக்குத்தான் தடை.

அதாவது, சாலை முழுவதற்கும் இந்தப் பிரிவு உதவாமல் போகலாம். ஆனால் நடுவில் ஒரு கி.மீ. காப்புக்காடு மட்டும் குறுக்கிட்டு, இரு பக்கமும் வருவாய்த் துறை நிலமாக இருக்கும் ஊர்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும்.

யார் அனுமதி தருவது?

மாவட்ட வன அலுவலர். விண்ணப்பம் வனச்சரகரிடம் போகும், அவர் இடத்தைப் பார்ப்பார், பிறகு மாவட்ட வன அலுவலர் முடிவு செய்வார். அவர் ஒப்பாவிட்டால் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகும். ஆறு பேர் கொண்ட அந்தக் குழுவில் வன அலுவலர் ஒருவர் மட்டுமே. கோப்பு மாவட்டத்தைத் தாண்டுவதே இல்லை. ஆகவே இந்த அளவுள்ள சாலைக்கு 'டெல்லியில் நிலுவை' என்ற பதில் வந்தால், கோப்பை ஏன் அந்த வழியில் அனுப்பினீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இவ்வளவு எளிதான ஏற்பாடு ஏன் ஊருக்கு ஊர் பயன்படவில்லை? என்னை உறுத்துவது இங்கேதான் இருக்கிறது. மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் 2009-இல் வகுத்த நடைமுறைப்படி, விண்ணப்பத்தை நிரப்ப வேண்டியது சாலை போடும் துறை. ஊர் மக்கள் பரிந்துரைக்கலாம், பரிந்துரைக்காமல் விட்டுத் திட்டத்தை நிறுத்தலாம். ஆனால் தாங்களே விண்ணப்பிக்க முடியாது. தடுக்கும் அதிகாரம் ஊருக்கு, தொடங்கும் அதிகாரம் அலுவலகத்துக்கு. அலுவலகம் தொடங்காமலே இருந்தால் எதுவும் நடக்காது. யாரும் மறுத்ததாகவும் ஆகாது.

அதனால் 'சாலை வேண்டும்' என்ற தீர்மானத்தால் பயன் குறைவு. 'இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை, இவ்வளவு நீள அகலத்தில், பிரிவு 3(2)-இன்கீழ் விண்ணப்பிக்குமாறு வட்டார வளர்ச்சி அலுவலரைக் கோருகிறோம். இந்த நில ஒதுக்கீட்டைப் பரிந்துரைக்கிறோம்' என்று எழுதுங்கள். அப்புறம் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது தெளிவாகிவிடும்.

அக்டோபர் 2 தீர்மானம் செல்லுமா?

கடிதங்களில் அதிகம் குழம்பியிருப்பது இங்கேதான். தமிழ்நாட்டில் ஊராட்சிக் கிராம சபையின் குறைவெண் (கோரம்) மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 பேர் வரை 50, அதற்கு மேல் 3,000 வரை 100. ஆனால் வன உரிமைச் சட்டத்தின் பரிந்துரைக்கு உறுப்பினர்களில் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும். நூறு கையெழுத்துடன் முறையாக நிறைவேறிய தீர்மானமே வனச்சரகர் மேசையில் செல்லாததாகிவிடலாம்.

ஒரு மலை ஊராட்சியில் குக்கிராமங்கள் பல. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மணிக்கணக்கில் நடை. சாலை கேட்பதற்காக, சாலை இல்லாத மலையில் பாதிப் பேர் ஓரிடத்தில் கூட வேண்டும். தீர்வு சட்டத்திலேயே இருக்கிறது. பழைய குடியிருப்புகளையும் அளவை செய்யப்படாத ஊர்களையும் அது தனிக் கிராமமாகவே ஏற்கிறது. குக்கிராம அளவில் சபை கூட்டினால் பாதிப் பேர் என்பது எட்டும் எண்ணிக்கைதான். ஊராட்சி அளவில் கூட்டுவது அதிகாரிகளுக்கு வசதி, அவ்வளவே.

மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டத்தில் ஏன் வரவில்லை?

அந்தத் திட்டத்தில் சமவெளிக் குடியிருப்புக்கு 500 பேர் வேண்டும். மலை மாநிலங்களுக்கும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதிகளுக்கும் 250 போதும். தமிழ்நாடு மலை மாநிலம் அல்ல. இங்கே ஐந்தாம் அட்டவணைப் பகுதியும் கிடையாது. வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டுபோன பென்னாகரம் கோட்டூர் மலைகூட இந்த அளவுகோலில் சமவெளிதான்.

சாலை இல்லாததால் உயிரே போன பிறகாவது வேகம் கூடுமா?

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்துக் குழந்தை இறந்தது. ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் உடலைக் கையில் ஏந்தி மலையேறினார். சாலை அறிவிப்புகள் உடனே வந்தன. கூடவே வன நில அனுமதி என்ற பேச்சும் வந்தது.

உயர் நீதிமன்றம் தலையிட்டதே?

2024-இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தது. ஆனால் கிராம சபையின் பரிந்துரைக்கு அந்த வழக்கு ஈடாகாது.

நீண்ட சாலையை ஒரு ஹெக்டேர் துண்டுகளாகக் காட்டலாமா?

கூடாது, ஒரே சாலை என்று ஒருவர் வழக்குப் போட்டால் மொத்தமும் நிற்கும்.

சரணாலயம், புலிகள் காப்பகத்துக்குள்?

பிரிவு 3(2) பெயர் சொல்லி விலக்கிவைப்பது 1980 சட்டத்தை மட்டும். வன உயிரினச் சட்ட அனுமதி தனி.

பட்டா இல்லாதவர்கள் சபையில் பேசலாமா?

ஊரில் வாழும் வயது வந்த எல்லோரும் உறுப்பினர்களே.

அக்டோபர் 2-ஐத் தவறவிட்டால்?

சட்டம் எந்தத் தேதியையும் சொல்லவில்லை. பாதிப் பேர் சேரும் எந்த நாளிலும் சிறப்புக் கிராம சபை கூட்டச் சொல்லிக் கேளுங்கள். தீர்மான நகலைக் கையோடு வாங்குங்கள்.